22 மாதக் குழந்தையோடு மலையில் டென்ட்: தூளி இல்லாமல் தூங்குவானா?

கேள்வி: மொட்டைமாடிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஆவடி. பையனுக்கு இப்போது 22 மாதம் முடிந்திருக்கிறது. என் வீட்டுக்காரரும் அவருடைய கல்லூரி நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து டிசம்பர் கடைசி வாரம் கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் பக்கம், இரண்டு இரவு டென்ட் போட்டுத் தங்கலாம் என்று முடிவே செய்துவிட்டார்கள். மூன்று குடும்பத்திலும் சேர்த்து சின்னக் குழந்தை எங்களுடையது ஒன்றுதான், மற்றவை எட்டு வயது, பத்து வயது. நண்பர் ஒருவர் யாரோ ஒருவருடைய போன் நம்பரைப் பிடித்திருக்கிறார், தோட்டத்துக்குள் டென்ட், காலையில் எழுந்தால் காலடியில் மேகம் என்று போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். போட்டோ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு குழந்தைகூட இல்லை என்பதை நான்தான் கவனித்தேன்.

என் பிரச்சினை இதுதான். பையன் பிறந்ததிலிருந்து தூளியில்தான் தூங்குகிறான். இரவு நடுவில் விழித்தால் நாலு ஆட்டு ஆட்டினால் மறுபடி தூங்கிவிடுவான், தரையில் போட்டால் பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து கதவைக் காட்டுவான். டென்டுக்குள் இவனை எப்படித் தூங்க வைப்பது? இரண்டு மரத்துக்கு நடுவில் தூளி கட்டிக்கொள்ளலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். அப்புறம் குளிர். சென்னைக் குளிருக்கே (சிரிக்காதீர்கள்) மூக்கு ஒழுகும். அப்புறம் வளைவுகளில் வாந்தி, ஏனென்றால் வண்டலூர் போவதற்குள்ளேயே ஒருமுறை எடுத்தான். அங்கே அவனுக்குச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, நடு இரவில் காய்ச்சல் வந்தால் எங்கே ஓடுவது, இதெல்லாம் கேட்டால் "எல்லாம் பார்த்துக்கலாம்" என்ற ஒரே பதில்தான் வருகிறது. மாமியார் ஒரு பக்கம், "வீடு வாசல் இருக்கும்போது காசு கொடுத்துக் குளிரில் போய்ப் படுக்கிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்" என்கிறார். எனக்கும் போகத்தான் ஆசை, அதுதான் உண்மை. இரண்டு வருடமாக ஆஸ்பத்திரியும் வீடும் தவிர வேறெங்கும் போகவில்லை. போய் வந்தவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.


பதில்: பூண்டுக்காடு

நான் மேல்மலைக்காரன். பூண்டும் உருளைக்கிழங்கும்தான் பிழைப்பு (எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சும்மா சொல்லி வைக்கிறேன்).

முதலில் ஒரு விஷயம். இங்கே தோட்டத்துக்குள் டென்ட் போட்டு ஆள் தங்க வைப்பதற்கு நிர்வாகம் பலமுறை தடை சொல்லி, டென்டுகளை அகற்றியும் இருக்கிறது. போன் நம்பரில் பேசிப் பணம் போட்டுவிட்டு வந்து, இரவு எட்டு மணிக்கு "டென்ட் போட முடியாது, வேறு ரூம் பார்த்துத் தருகிறோம்" என்று கேட்டு நிற்கும் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஆளிடம் அனுமதிக் கடிதம் இருக்கிறதா, நிலம் யாருடையது, காட்டு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், இதைக் கேளுங்கள். பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் அத்தனை பேர் காட்டுத்தீயில் இறந்துபோனார்களே, அதற்குப் பிறகு மலையில் எல்லாக் கெடுபிடியும் கூடிவிட்டது. கூடியதும் சரிதான்.

கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும், உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து இருக்கிறது. வண்டி நம்பரைப் போட்டு ஆன்லைனில் எடுத்துவிடலாம். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவரக் கூடாது. குழந்தைக்காக அரை லிட்டர் பாட்டில் ஒரு கட்டு வாங்கி ஏற்றி வந்து செக்போஸ்ட்டில் மாட்டாதீர்கள், வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிர் பற்றி. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால் உங்கள் ஊரைவிடப் பதிமூன்று பதினான்கு டிகிரி குறைவு. ஆனால் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. தெளிந்த வானமாக இருக்கும் இரவில் குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். டிசம்பர், ஜனவரியில் டவுனில் ஏரியைச் சுற்றியும் ஜிம்கானா பக்கமும் புல்மேல் வெள்ளையாக உறைபனி பிடிப்பது அதனால்தான். போட்டோவுக்கு அழகாக இருக்கிறது என்று எல்லோரும் டென்டைத் தண்ணீர் ஓரத்துப் புல்வெளியில்தான் போடுகிறார்கள். அதுதான் சுற்று வட்டாரத்திலேயே குளிரான இடம். எங்கள் தாத்தா காலத்துக் காவல் குடிசை எல்லாம் சரிவில் பாதி ஏறித்தான் இருக்கும், பள்ளத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

டிசம்பர் கடைசி என்றால் மழையும் முழுதாக ஓய்ந்திருக்காது. வங்கக் கடலில் ஒரு தாழ்வு வந்தால் மூன்று நாள் சாரல்தான். அப்புறம் காட்டு மாடு. டவுனுக்குள்ளேயே வந்து நிற்கிறது, மேல்மலையில் கேட்கவா வேண்டும். அது தன் வழியில் போகும், ஆனால் குறுக்கே ஒரு குழந்தை ஓடினால் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கொடைக்கானலுக்கு வாருங்கள், நல்ல ஊர். ஆனால் ஓடு வேய்ந்த வீட்டில் தங்குங்கள், இந்த வயதுக் குழந்தையோடு டென்ட் வேண்டாம்.


பதில்: கட்டுச்சோறு

கோயம்புத்தூர். என் மகளுக்கு 18 மாதம் இருக்கும்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நீங்கள் சொல்லும் இதே காரியத்தைச் செய்து பாடம் படித்தவன். பெயர் எல்லாம் வேண்டாம், தோட்டக்காரர் மேல் தப்பே இல்லை, தப்பு முழுக்க என்னுடையது.

தூளியில் ஆரம்பிக்கிறேன். நானும் இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவில் கட்டினேன். பகலில் பிரமாதம், மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினாள், நான் வாழ்க்கையில் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இரவு டென்ட் வாசலுக்கு முன்னால் அதே தூளியில் போட்டு மேலே இரண்டு கம்பளி. ஒன்றரை மணிக்கு அழ ஆரம்பித்தாள். மேலே எல்லாம் கதகதப்பாக இருக்கிறது, முதுகைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது! தூளியில் கீழ்ப்பக்கம் வெறும் ஒரு புடவைதான், மேலே எத்தனை போர்த்தினாலும் அடியில் காற்று போய்க்கொண்டே இருக்கும், உடம்புச் சூட்டை அது உருவிக்கொண்டு போய்விடும். சென்னையில் தூளி சுகமாக இருப்பதற்கு எது காரணமோ அதேதான் மலையில் வில்லன்.

சரி என்று டென்டுக்குள் கொண்டுபோனோம். அங்கே காற்றடைத்த பெரிய மெத்தை. அதுவும் அப்படித்தான், உள்ளே இருக்கும் காற்று தரைக் குளிரில் குளிர்ந்து போய்விடும். போதாததற்கு நான் புரண்டால் அவள் எழும்பி விழுகிறாள். கைக்குழந்தைகளை அந்த மாதிரி மெத்தையில் படுக்க வைக்கவே கூடாது, முகம் புதைந்துவிடும் என்று பிறகுதான் படித்தேன். குளிருக்குப் பயந்து டென்டின் ஜன்னல்களை எல்லாம் இழுத்து மூடியிருந்தேன், மூன்று பேர் மூச்சுக்காற்றும் கூரையில் நீராகப் படிந்து மூன்று மணிக்குச் சொட்ட ஆரம்பித்தது. கடைசியில் தோட்டக் காவல்காரர் எழுந்து வந்து, ஒரு வார்த்தை திட்டாமல், தன் வீட்டு அடுப்படியில் பாய் போட்டுக் கொடுத்தார். அவர் மனைவி சுடுதண்ணீரில் கருப்பட்டி போட்டுக் கொடுத்ததை மகள் குடித்துவிட்டுத் தூங்கினாள். நாங்கள் இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தோம், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஆறேழு முறை போயிருக்கிறோம், எல்லாம் நன்றாகவே நடந்தது. என்ன மாற்றினேன் என்றால், முதலில் தரை. மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம். உள்ளே சின்னச் சின்ன மூடிய காற்றறைகள் உள்ள கனமான நுரைப் பாய், உடற்பயிற்சிக்கு விரிப்பார்களே அதில் தடிமனானது, இரண்டு அடுக்கு. அதன் மேல் ஒரு கம்பளி. ஸ்லீப்பிங் பேகில் போட்டிருக்கும் டிகிரியை நம்பாதீர்கள், மலிவான பைகளில் எழுதியிருப்பது பெரும்பாலும் உயிர் தாங்கும் அளவு, சுகமாகத் தூங்கும் அளவு அதைவிடப் பதினைந்து டிகிரிபோல மேலே இருக்கும். டென்டின் மேலே இருக்கும் காற்று வழியை இரண்டு விரல்கடை திறந்தே வையுங்கள், சொட்டாது. கயிறுகளில் வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள், குழந்தை மட்டுமல்ல, இரவு எழுந்து போகும் பெரியவர்களும் அதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. டென்டை வாங்கி இரண்டு வாரம் மொட்டை மாடியில் போட்டு அதற்குள் தூங்கப் பழக்குங்கள். உங்கள் பெயரிலேயே மொட்டை மாடி இருக்கிறதே! முதல் நான்கு நாள் உட்கார்ந்து விளையாட மட்டும், பிறகு மதியத் தூக்கம், பிறகு இரவு. தூளிப் புடவையை எடுத்து அதே புடவையைப் பாய்மேல் விரியுங்கள், துவைக்காமல், அந்த வாசனை முக்கியம். ஆட்டுவதற்குப் பதில் முதுகில் தட்டுங்கள். என் மகளுக்கு ஒன்பது நாள் பிடித்தது. மாடியில் தூங்காத குழந்தை மலையில் தூங்காது, அப்போது பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பூண்டுக்காடு அண்ணன் சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். முதல் முறைக்கு ஏலகிரி மாதிரி இடம் போதும். 1,100 மீட்டர்தான், சென்னையிலிருந்து 230 கிலோமீட்டர் சுமார், வளைவுகள் பதினான்கே. நடு இரவில் மூட்டை கட்டி இறங்கினாலும் சீக்கிரம் சமவெளிக்கு வந்துவிடலாம். எனக்கு அதுதான் முதல் தகுதி, காட்சி எல்லாம் அப்புறம்.


பதில்: இரவுப்பணி அக்கா

குழந்தைகள் வார்டில் பதினைந்து வருடமாக நர்ஸ். உங்கள் டாக்டரிடம் கேட்பதற்கு இது மாற்று இல்லை, சரியா.

குழந்தைக்கு எடைக்குத் தகுந்ததைவிடத் தோல் பரப்பு அதிகம், அதனால் நம்மைவிட வேகமாகச் சூடு இழக்கும். கையும் காலும் ஜில்லென்றிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், பிடரியில் கை வைத்துப் பாருங்கள். அங்கே கதகதப்பாக இருந்தால் போதும். அங்கே வேர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். குளிருக்குப் பயந்து ஏழு உடை போட்டு, வேர்த்து, அந்த வேர்வையிலேயே குளிர்ந்து வரும் குழந்தைகளை ஒவ்வொரு மார்கழியிலும் பார்க்கிறேன். உடம்போடு ஒட்டி ஒரு மெல்லிய முழுக்கை, அதன் மேல் கம்பளி, அதன் மேல் கால்வரை மூடும் பை மாதிரியான தூக்க உடை, இது போதும். பெரியவர்களின் ஸ்லீப்பிங் பேகுக்குள் குழந்தையைச் சேர்த்துப் போட்டு ஜிப் இழுக்காதீர்கள், உள்ளே நழுவிப்போய் மூச்சு முட்டும். முகத்துக்கு மேல் எதுவும் வரக் கூடாது. நள்ளிரவுக்கு மேல் ஒருமுறை டயப்பர் மாற்றிவிடுங்கள், நனைந்த டயப்பர் ஈரத் துணி மாதிரி.

இதை மட்டும் யாரும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். டென்டுக்குள், அறைக்குள், காருக்குள், எங்கேயும் கரி அடுப்போ கணப்போ வைக்காதீர்கள். சிக்கன் சுட்ட அடுப்பில் தணல்தானே இருக்கிறது, புகையே இல்லையே, உள்ளே வைத்தால் கதகதப்பாக இருக்குமே என்று தோன்றும். தணல் கார்பன் மோனாக்சைடு விடும், அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே முடிந்துவிடும். மலை ஊர்களிலிருந்து இப்படிச் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது.

வாந்திக்கு: கிளம்பும் முன் பால் கொடுக்காதீர்கள், ஒன்றரை மணி நேரம் முன்பே இட்லி மாதிரி ஏதாவது. மலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் நடக்க விடுங்கள். பக்கத்து வீட்டில் யாரோ கொடுத்தார்கள் என்று வாந்தி மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம். புரோமெத்தசின் என்று பெயர் போட்டிருக்கும் மருந்தை இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து இருக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும், சிறு சிறு வாயாகத் தண்ணீர் கொடுங்கள், தாய்ப்பால் இன்னும் குடிக்கிறான் என்றால் வண்டியை ஓரம் கட்டிக் கொடுங்கள். விழுங்கினால் காது திறந்துவிடும்.

பாலைக் காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றிப் பாதி நாள் வைத்திருந்து கொடுப்பது நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான், ஆனால் அந்த வெதுவெதுப்பில் கிருமி நன்றாக வளரும். பிளாஸ்கில் வெந்நீர் மட்டும், பால் பவுடரோ சத்துமாவோ தனி டப்பாவில், வேண்டும்போது கலக்குங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு நிமிடம் தளதளவென்று விடுங்கள், இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம்.

கடைசியாக, திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் "மலையில் புல்தரையில் தங்கினோம்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். ஸ்க்ரப் டைபஸ் என்று ஒரு காய்ச்சல், புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது, நம் மாநிலத்தில் மழை முடிந்த குளிர் மாதங்களில் அதிகம். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் சிகரெட் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கிறதா என்று குளிப்பாட்டும்போது பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே சரியாகிவிடும், சொல்லாமல் விட்டால்தான் இழுக்கும்.


பதில்: சும்மா கேக்குறேன்

ரெண்டு வயசுப் பிள்ளைக்கு இது எதுவும் ஞாபகமே இருக்கப்போவதில்லை. யாருக்காக இத்தனை பாடு? ஐந்து வயது ஆகட்டும், போகலாம்.


பதில்: கட்டுச்சோறு

தம்பி, மேலே அந்த அம்மா எழுதியதைப் படித்தீர்களா? இரண்டு வருடமாக எங்கும் போகவில்லை என்கிறார். அவர்களுக்கு ஞாபகம் இருக்குமே, போதாதா.


பதில்: பண்டாரவளைப் பிள்ளை

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு மலை என்றால் ஹோர்ட்டன் சமவெளி, அதுவும் 2,100 மீட்டருக்கு மேல்தான், தை மாசியில் புல்லில் பனி உறையும். மகனுக்கு இரண்டு வயது ஆகி ஒரு மாதத்தில், வனஜீவராசிகள் திணைக்களத்தில் அனுமதி எடுத்து ஓர் இரவு கூடாரம் போட்டோம். குளிரைப் பற்றி மற்றவர்கள் சொன்னது எல்லாம் சரி, நான் சொல்ல வந்தது மரைகள் (உங்கள் ஊரில் கடமான்) பற்றி. அங்கே மரைகள் மனிதருக்குப் பழகிவிட்டன, சாப்பாடு கிடைக்கும் என்று கூடாரத்தடிக்கே வரும். பிள்ளைக்குப் பிஸ்கட் கொடுத்துவிட்டுக் கையைத் துடைக்காமல் விட்டிருந்தோம். விடியற்காலை கூடாரத் துணிக்கு அந்தப் பக்கம் "புஸ் புஸ்" என்று பெரிய மூச்சு. மகன் "மாடு" என்றான், நான் அசையவில்லை. மரைதான், ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றிலிருந்து சாப்பாடு, பால்மா, பாவித்த பம்பர்ஸ் (டயப்பர்), வாசனை உள்ள எந்தப் பொருளையும் கூடாரத்துக்குள் வைப்பதில்லை, எல்லாம் வாகனத்துக்குள். பாவித்த பம்பர்ஸைப் புதைக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம், மூடி உள்ள வாளி ஒன்றில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஹோர்ட்டனில் வாசலிலேயே பொலித்தீன் எல்லாம் பிரித்து வாங்கிவிடுவார்கள், அதனால் பழகிவிட்டது.

இன்னொன்று, அங்கே கொண்டுபோன பருப்பு வேகவே இல்லை. உயரத்தில் தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும், எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் சோறும் முட்டையும்தான்.


பதில்: மொட்டைமாடிக்காரி

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் வீட்டுக்காரரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அடியில் காற்று போகும் என்ற இடத்தில் அவர் முகம் மாறியது, ஏனென்றால் தூளிக்கென்று புதிதாக நைலான் கயிறு வாங்கி வைத்திருந்தார். மேல்மலை ஆளிடம் அனுமதிக் கடிதம் கேட்டோம். "அதெல்லாம் பிரச்சினை இல்லை சார்" என்று மூன்று முறை சொன்னார், கடிதம் மட்டும் வரவில்லை. நண்பர்கள் கொடைக்கானலில் ரூம் போட்டுப் போகிறார்கள். நாங்கள் ஜனவரி கடைசியில் ஏலகிரி. வீட்டுக்காரர் ஆன்லைனில் ஒரு டென்ட் ஆர்டர் போட்டுவிட்டார், தூக்கிப் போட்டால் தானாக விரியுமாம்.


பதில்: கட்டுச்சோறு

அது மாடிக்கு நல்லது, மலைக்குத் தாங்காது. ஒற்றைத் துணி, காற்றடித்தால் பறக்கும், பனியில் உள்ளே நனையும். ஏலகிரியில் தங்குமிடத்துக்காரர்களே இரட்டைத் துணி டென்ட் போட்டுத் தருவார்கள், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை எவ்வளவு தூரம் என்று கேட்டு வையுங்கள்.


பதில்: மொட்டைமாடிக்காரி

போய் வந்துவிட்டோம்! நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடிப் பயிற்சிக்குப் பதினோரு நாள் ஆனது. முதல் இரண்டு நாள் டென்டுக்குள் போகவே மாட்டேன் என்று ஒரே அழுகை, மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பூனை உள்ளே போய்ப் படுத்ததைப் பார்த்து இவனும் போனான். தூளிப் புடவை யோசனை வேலை செய்தது. ஆட்டுவதற்குப் பதில் தட்டுவது மட்டும் கடைசிவரை சரிவரவில்லை, என் கைதான் வலித்தது. மடியில் போட்டுக் கொஞ்சம் ஆட்டி, கண் சொருகியதும் கீழே விட்டால் தூங்கினான், அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

மாமியார் கடைசி வரைக்கும் முறைத்துக்கொண்டே இருந்தார். கிளம்பும் அன்று காலை பரணிலிருந்து ஒரு டப்பாவை இறக்கச் சொன்னார். உள்ளே என் வீட்டுக்காரர் குழந்தையாக இருந்தபோது போட்ட வெள்ளித் தண்டை, மணி வைத்தது. "இருட்டில் எந்தப் பக்கம் போகிறான் என்று கண்ணால் தேட முடியாது, காதால் தேடு" என்று அவரே மாட்டிவிட்டார். இத்தனை பேர் இத்தனை சொன்னீர்களே, அங்கே எனக்கு மிக அதிகமாக உதவியது அதுதான். மாலை ஏழு மணிக்கு மேல் அந்தச் சத்தம் நின்றால் மட்டும் திரும்பிப் பார்த்தேன், மற்ற நேரம் உட்கார்ந்து டீ குடித்தேன். சூடாக, முழு டம்ளரும்.

வழியில் ஒரே ஒரு வாந்தி, அதுவும் அடிவாரத்தில் இறங்கி நடக்காமல் விட்டதால், என் தவறு. வளைவுகளுக்குப் பாரி, ஓரி, பாரதியார், கம்பர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கடையெழு வள்ளல்களில் எவர் வளைவில் வாந்தி எடுத்தான் என்று சொன்னால் தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

டென்ட் போட்ட இடம் ஒரு மாந்தோப்புச் சரிவு, பள்ளத்தில் இல்லை, நான் பூண்டுக்காடு அண்ணன் சொன்னதைச் சொல்லிக் கேட்டு இடம் மாற்றினேன். தங்குமிடத்தில் வேலை செய்யும் பையன் ஒரு மாதிரி பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு டென்டுக்குள் வெப்பமானியில் 15. நுரைப் பாய் இரண்டு அடுக்கு, பிடரியில் கை வைத்து நான்கு முறை பார்த்தேன், நான்கு முறையும் கதகதப்பாக இருந்தது. ஒருமுறை வேர்த்திருந்தது என்று குல்லாவைக் கழற்றினேன். இரவு பன்னிரண்டரைக்கு விழித்து "தூய்... தூய்..." என்று தூளியைக் கேட்டு அரை மணி நேரம் அழுதான். பக்கத்து டென்டில் இருந்தவர்கள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள், கூச்சமாகத்தான் இருந்தது. வெளியே தூக்கிக்கொண்டு வந்தேன். வானத்தைப் பார்த்ததும் அழுகை நின்றது. ஆவடியில் அவன் இத்தனை நட்சத்திரம் பார்த்ததில்லை, நானும்தான். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை, தோளிலேயே தூங்கிப்போயிருந்தான்.

மதியத் தூக்கத்துக்கு மட்டும் மாமரக் கிளையில் தூளி கட்டினோம், வீட்டுக்காரர் வாங்கிய நைலான் கயிறு வீண் போகவில்லை. சாப்பாட்டுக்கு முதல் நாள் பொடி தடவிய இட்லி, மறுநாள் அங்கேயே முட்டை, நேந்திரம்பழம், சத்துமாவுக் கஞ்சி. இரண்டாவது இரவுக்குப் பணம் கட்டியிருந்தும் தங்கவில்லை, மூக்கு லேசாக ஒழுக ஆரம்பித்தது, இறங்கிவிட்டோம். மூன்று வாரம் தாண்டிவிட்டது, காய்ச்சல் எதுவும் இல்லை, கறுப்புப் பொருக்கு தேடித் தேடி அவனுக்கே பழகிப்போய்க் குளிக்கும்போது தானாகக் கையைத் தூக்கிக் காட்டுகிறான்.

இப்போது புதுப் பிரச்சினை. தூளியில் படுக்க மாட்டேன் என்கிறான். கூடத்தில் அந்த டென்டைப் போட்டால்தான் தூக்கம். பாதிக் கூடம் போய்விட்டது, டிவி பார்க்க மாமியார் டென்டைச் சுற்றி நடக்கிறார். பகலில் மடித்து வைக்கலாம் என்றால், விரிப்பது ஒரு நொடி, மடிப்பது எப்படி என்று இரண்டு பேரும் ஒரு மணி நேரம் போராடினோம், பைக்குள் போகவே மாட்டேன் என்கிறது, ஒருமுறை பிடி நழுவி வீட்டுக்காரர் கண்ணாடியைத் தட்டிவிட்டது. யாருக்காவது தெரியுமா?


பதில்: கட்டுச்சோறு

தெரியும். முதலில் தோசை மாதிரி பாதியாக மடித்துச் செங்குத்தாக நிற்க வையுங்கள். மேல் முனையைப் பிடித்து உங்கள் பக்கமாகக் குனிய வைத்து அப்படியே தரையை நோக்கி அழுத்தினால், நடுவில் கம்பி தானாக முறுக்கிக்கொண்டு எட்டு மாதிரி இரண்டு வளையமாகப் பிரியும். அப்போது பயந்து விடாதீர்கள், விட்டால் மறுபடி முதலிலிருந்துதான். ஒரு வளையத்தை இன்னொன்றின் மேல் நழுவவிட்டு, உடனே வார்ப்பட்டையைப் போட்டுவிட்டுப் பிறகு பைக்குள் தள்ளுங்கள். குழந்தை பக்கத்தில் இருக்கக் கூடாது. முகத்தைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் அவரை.


பதில்: மொட்டைமாடிக்காரி

மடிந்துவிட்டது! பையன் பையைப் பார்த்து அழுகிறான். மறுபடி விரித்துவிட்டோம்.